இத்துடன் முடித்துக்கொள்கிறோம்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். எழுபத்தொரு வயதில் ஒருத்தி வேலைக்குப் போனால் ஊரில் இரண்டு காரணம் சொல்வார்கள். பிள்ளைகள் கவனிப்பதில்லை, அல்லது புத்தி பேதலித்துவிட்டது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. புத்தி சரியாக இருக்கிறது.

நடந்தது இதுதான். சென்ற மாதம் செம்மலர் கிரைண்டர்ஸ் கம்பெனியின் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். அதனோடு வந்த உபயோகிக்கும் முறைப் புத்தகத்தில் பதினேழு எழுத்துப் பிழைகள். அவற்றைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மிருதுளா என்ற பெண் கூப்பிட்டாள். முப்பது வயதிருக்கும். கம்பெனியை ஆரம்பித்தவரின் மகள். இப்போது அவள்தான் எல்லாம் பார்க்கிறாள்.

“மேடம், நீங்க இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?” என்றாள்.

மில்லில் முப்பத்து நான்கு வருடம், கடிதப் பிரிவு, கடைசி பதினொரு வருடம் அதன் தலைமை என்றேன். வாடிக்கையாளர்களும் ஊர் ஊராக இருக்கும் டீலர்களும் அனுப்பும் மின்னஞ்சல்களுக்குத் தமிழில் பதில் எழுத ஆள் தேவை என்றாள். தீபாவளி வரை பார்த்துவிட்டு அப்புறம் நிரந்தரம் செய்வதாம். பரீட்சை எனக்குப் புதிதல்ல.

கோவையில், கணபதியில் ஆபீஸ். இதே ஊரில் ராமநாதபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். மேஜை ஜன்னல் பக்கம். நாற்காலி ஆடுகிறது, சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாற்காலி சரி செய்தார்கள். சர்வீஸ் பிரிவு ஜாகிர் தானே ஸ்பேனரோடு வந்து படுத்துக்கொண்டு செய்தார். நாற்பத்தைந்து வயது ஆள், ஓயாத பேச்சு.

“நாங்கெல்லாம் மெயில் போட்டா ‘சரி, வாங்க, பாக்கறோம்’ அவ்ளோதான். நீங்க ஒண்ணு போட்டா ஒரு பக்கம் வருதுங் மேடம்.”

“ஒரு கடிதத்துக்கு ஏழு உறுப்பு உண்டு, ஜாகிர்.”

“நம்ம கிரைண்டர்லயே ஆறுதாங் மேடம்.”

கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்லித் தந்தது: விளி, தேதி, குறிப்பு, விஷயம், வேண்டுகோள், நன்றி, முடிப்பு. ஒன்று குறைந்தாலும் மதிப்பெண் பாதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதப் பதக்கம் வாங்கியவள் நான் ஒருத்திதான். என் மின்னஞ்சல்கள் இப்போதும் “மதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கி, “தங்களின் மேலான ஆதரவுக்கு நன்றி கூறி இத்துடன் முடித்துக்கொள்கிறோம்” என்று முடிகின்றன. இந்த வாரம் அறுபத்திரண்டு. ஒன்றில்கூடப் பிழை இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாடகர் குழு சுருதியே சேரவில்லை. திரும்பும்போது கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மிருதுளா அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு மோர் வரவழைத்தாள். மோர் வந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

“மேடம், கரூர்ல ஒரு கஸ்டமர். பெல்ட் அந்து போச்சுன்னு எழுதியிருந்தாரே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அன்னைக்கே பதில் போட்டுட்டேன்.”

“அதை எடுத்துட்டு அவரு வக்கீல்கிட்ட போயிருக்காரு.”

“எதுக்கு?”

“நோட்டீஸ்னு நெனச்சுட்டாரு மேடம். ‘மேற்படி பொருளின் பழுது தொடர்பாகத் தங்கள் தரப்பு விளக்கத்தை ஏழு தினங்களுக்குள்’ அப்படின்னு இருந்துச்சாம். பயந்துட்டாரு.”

பெல்ட் எப்போது அறுந்தது, எவ்வளவு அரிசி போட்டார் என்று கேட்பதற்கு வேறு எப்படி எழுதுவது?

மிருதுளா சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. “தப்பே இல்லைங்க மேடம். ஆனா கொஞ்சம் சிநேகமா இருந்தா நல்லாருக்கும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டப் பேசற மாதிரி.”

என் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நான் பேசுவதில்லை. அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மாதிரிக்கு என்று கம்ப்யூட்டரைக் கொண்டு எழுதவைத்த மின்னஞ்சல் ஒன்றை மிருதுளா அனுப்பியிருந்தாள். முதல் வரி: “இந்த மின்னஞ்சல் உங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறோம்.”

கண்டடைவதற்கு அந்த மனிதர் என்ன காணாமல் போய்விட்டாரா?

இரண்டாவது வரி: “உங்கள் கிரைண்டர் பயணத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம்.” உளுந்து அரைப்பது பயணம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். ஜாகிர் அதைப் படித்துவிட்டு நாள் முழுதும் போனில் வந்தவர்களிடமெல்லாம் “வாங்க, உங்களக் கண்டடஞ்சுட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளி முதல் கம்ப்யூட்டரே எல்லாப் பதிலும் எழுதும் ஏற்பாட்டைக் கொண்டுவர ஒரு கம்பெனிக்காரன் மிருதுளாவை வந்து பார்த்துவிட்டுப் போகிறான். அதுவும் தெரியும் எனக்கு.

செப்டம்பர் 2, திங்கள்

“மதிப்பிற்குரிய ஐயா”வை “வணக்கம் ஐயா” ஆக்கியிருக்கிறேன். இதற்கு மேல் இறங்க முடியாது.

தாராபுரம் டீலர் நாச்சிமுத்து என்பவரிடமிருந்து மின்னஞ்சல். அவர் எழுதுவதில்லை, போனில் பேசுகிறார், போன் அதை எழுத்தாக்கி அனுப்புகிறது. புள்ளி, காற்புள்ளி எதுவும் கிடையாது. அப்படியே எடுத்து வைக்கிறேன்:

“வணக்கமுங்க புது அம்மிணி வந்திருக்கறதா சொன்னாங்க சாப்டீங்களா இங்க ஒரு வாடிக்கை ஊட்ல குளவி ரொம்ப சத்தம் போடுதாம் புதுக் குளவி மூணு அனுப்பி வெச்சீங்கன்னா தேவலைங்க டேய் அந்த ஃபேன நிறுத்துடா”

போனுக்கு ழகரம் வராது போலிருக்கிறது. “தாங்கள் குறிப்பிட்டிருப்பது மாவரைக்கும் ‘குழவி’ எனக் கொள்கிறோம், ‘குளவி’ என்பது கொட்டும் பூச்சி” என்று தெளிவுபடுத்தி, மூன்று குழவிக்கல் அனுப்ப ஏற்பாடு செய்து பதில் போட்டேன்.

எழுபத்தொரு வயதில் அம்மிணியாம்.

செப்டம்பர் 4, புதன்

நாச்சிமுத்து: “குளவி வந்து சேந்துச்சுங்க கொட்டல ஏனுங்க உங்களுக்கு எந்த ஊருங்க”

பெற்றுக்கொண்டதை உறுதி செய்தமைக்கு நன்றி என்று எழுதினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

நாச்சிமுத்து மழை உண்டா என்று கேட்கிறார். அதோடு டிரம் மூடி பத்து. மூடிகள் அனுப்பப்பட்டன.

செப்டம்பர் 11, புதன்

மழை. மாடியில் உலர்த்திய மல்லி நனைந்துவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

மிருதுளா இப்போது என் மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறாள். புகார் குறைந்திருக்கிறதாம். கண் டாக்டரிடம் போய்வந்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

நாச்சிமுத்து என் வீட்டில் எந்த மாடல் கிரைண்டர் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். டீலருக்கு அது எதற்கு? அவர் கேட்ட விலைப் பட்டியலை மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 18, புதன்

“ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க” என்று நாச்சிமுத்து. கூடவே பெல்ட் இருபது வேண்டும்.

பெல்ட் இருபது அனுப்பப்பட்டது.

செப்டம்பர் 19, வியாழன்

என் வீட்டுக்காரர் சவரிராயன் நெய்வேலியில் வேலையாக நான்கு வருடம் இருந்தார். நான் இங்கே மில்லில். ஞாயிறுதோறும் கடிதம் எழுதுவேன், ஒரு வாரம் தவறியதில்லை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. “உன் லெட்டரை எங்க ஆபீஸ் ஃபைல்ல வெச்சுட்டேன் எமல்டா, யாருக்கும் வித்தியாசமே தெரியல” என்பார். வேடிக்கைக்காரர்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

தாராபுரத்திலிருந்து இதுவரை வந்ததிலேயே நீளமான மின்னஞ்சல். வியாபார விஷயம் கடைசி வரியில்தான் இருந்தது: அடுத்த லோடை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், தீபாவளிச் சரக்கைப் பிறகு சொல்கிறேன் என்று. மற்றதெல்லாம் குடும்பக் கதை. சம்சாரத்துக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன், கோவையில்தான் ஆஸ்பத்திரி, அந்தம்மா மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது மாட்டுக்குத் தண்ணி வைத்தீர்களா என்பதாம்.

பதில்: “வணக்கம் ஐயா. தங்கள் மின்னஞ்சலின் முதற்பகுதி குறித்துக்கொள்ளப்பட்டது. தங்களுக்குச் சரக்கு அனுப்புவது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இதுநாள்வரை தாங்கள் அளித்த மேலான ஆதரவுக்கு நன்றி கூறி இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.”

மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அக்டோபர் 7, திங்கள்

மோர் வரவில்லை. மிருதுளா நேரே என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், தாராபுரத்துக்கு என்ன எழுதினீங்க?”

எடுத்துக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போர்டை எறக்கிட்டாரு மேடம்.”

“எந்த போர்டு?”

“நம்ம போர்டு. இருபத்தாறு வருஷமா அவரு கடை நெத்தியில இருந்த போர்டு. நம்ம கம்பெனி அவரை வேண்டாம்னு சொல்லிடுச்சாம். மெயில்ல எழுதிட்டாங்களாம். போன் எடுக்க மாட்டேங்கறாரு. அப்பா கூப்பிட்டும் எடுக்கல.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கடிதத்தை வேறு எப்படி முடிப்பார்களாம்? ஜாகிர்தான் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “சரக்கு நிறுத்தியாச்சு, இத்தன நாள் ஆதரவுக்கு நன்றி, இத்தோட முடிச்சுக்கறோம். ஏங் மேடம், எங்க வாப்பாகிட்டப் படிச்சுக் காட்டினாக்கூட, கடையைக் காலி பண்ணச் சொல்றாங்கன்னுதான் சொல்லுவாரு.”

மிருதுளாவின் அப்பா கம்பெனி ஆரம்பித்தபோது முதல் டீலராக வந்தவர் இந்த நாச்சிமுத்து. முதல் கிரைண்டரை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டியவராம். இந்தத் தகவலை யாரும் எனக்கு முன்பே தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மன்னிப்பு மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். “எங்கள் மின்னஞ்சல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டமைக்கு வருந்துகிறோம்.” ஜாகிரிடம் காட்டினேன்.

“இது மன்னிப்புங்களா மேடம்?”

“பின்ன?”

“அவருக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்ற மாதிரி இருக்குது.”

இரண்டாவதாக ஒன்று எழுதினேன். அதில் “எதிர்பாராத சொற்பிரயோகம்” என்று இருந்தது. எதிர்பாராமல் அதை எழுதியது யார் என்று ஜாகிர் கேட்டார். மூன்றாவதை நானே அழித்துவிட்டேன்.

மாலையில் மிருதுளா என்னைக் கூப்பிட்டு, “மெயிலை நாளையிலிருந்து நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க கொஞ்ச நாள் அந்த யூசர் புக்கைத் திருத்திக் குடுங்க. தீபாவளி முடியட்டும், மத்ததை அப்புறம் பேசலாம்” என்றாள். மிக மரியாதையாகச் சொன்னாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மில்லில் நானே பலரிடம் அந்தத் தொனியில் பேசியிருக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

யூசர் புக், பக்கம் 1 முதல் 12 வரை. ஜன்னல் பக்கம் வெயில்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறை. தெருவில் எல்லா வண்டியும் கழுவிப் பொட்டு வைத்து நிற்கின்றன.

புதன்கிழமையே நாச்சிமுத்துவின் மின்னஞ்சல்கள் ஆறையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தேன். என் பக்கம் தவறு எதுவும் இல்லை என்று மிருதுளாவிடம் காட்டுவதற்குத்தான். காலையில் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அவர் கேட்டது, நான் அனுப்பியது என்று இரண்டு பத்தி போட்டேன்.

கல் கேட்டார், அனுப்பினேன். மூடி கேட்டார், அனுப்பினேன். பெல்ட், அனுப்பினேன். எல்லாம் சரி.

பிறகு மற்றக் கேள்விகளையும் எழுதலாம் என்று எழுதினேன். அவர் கேட்டது: சாப்டீங்களா. நான் அனுப்பியது: ஒன்றுமில்லை. எந்த ஊருங்க: ஒன்றுமில்லை. மழை உண்டா: ஒன்றுமில்லை. ஆறு மின்னஞ்சலில் ஐந்து கேள்விகள். முப்பத்து நான்கு வருடத்தில் பதில் போடாத கடிதம் ஒன்றுகூட என் மேஜையில் தங்கியதில்லை. அதைப் பிரிவுபசார விழாவில் மேடையிலேயே சொன்னார்கள்.

ஆறாவது மின்னஞ்சலில் கேள்வியே இல்லை.

மதியம் சமைக்கவில்லை. அலமாரியிலிருந்து நெய்வேலிக் கடிதக் கட்டை எடுத்தேன். இரண்டு படித்தேன். சவரிராயனும் நிறையக் கேட்டிருக்கிறார்.

கட்டித் திரும்ப வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

ஆபீஸ் திறந்ததும் மிருதுளாவின் அறைக்குப் போய், தாராபுரத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்ப அனுமதி வேண்டும் என்றேன். வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதன் நகல் இங்கே:

“அன்புள்ள நாச்சிமுத்து அவர்களுக்கு, எமல்டா சவரிராயன் எழுதுவது.

தங்களுடைய ஆறு மின்னஞ்சல்களுக்கு நான் முழுமையாகப் பதில் அளிக்கவில்லை என்பது தெரியவந்தது. விடுபட்டவை வரிசையாக:

1. செப்டம்பர் 2. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டேன். எலுமிச்சைச் சோறு, அப்பளம். மேலும், நீங்கள் கேட்டது குழவிதான் என்று எனக்குப் படித்தவுடனே புரிந்தது. திருத்தியிருக்க வேண்டியதில்லை.

2. செப்டம்பர் 4. எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள். திருச்சி, மேலப்புதூர். கல்யாணமாகிக் கோவைக்கு வந்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது.

3. செப்டம்பர் 9. மழை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அன்று இல்லை. 11ஆம் தேதி பெய்தது. மாடியில் போட்ட மல்லி நனைந்துவிட்டது.

4. செப்டம்பர் 13. வீட்டில் எந்த மாடல் என்று கேட்டிருந்தீர்கள். நம்முடைய இரண்டு லிட்டர் மாடல். ஜூலையில் வாங்கினேன். இரண்டு முறைதான் போட்டேன். ஒரு ஆளுக்கு அரைத்தால் மாவு புளித்துப் போகிறது. கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறேன். இதை ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை.

5. செப்டம்பர் 18. வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் இறந்து வருகிற நவம்பரோடு மூன்று வருடம். இதையும் ஆபீஸில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்டீர்கள்.

6. செப்டம்பர் 26. இதில் கேள்வி எதுவும் இல்லாததால் பதில் வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். அதற்கு நான் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதினேன். அது தவறு. என் தவறு, கம்பெனியின் தவறு அல்ல.

‘இத்துடன் முடித்துக்கொள்கிறோம்’ என்று நான் முடித்தது கடிதத்தை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். உங்களோடு உள்ள இருபத்தாறு வருட உறவை முடிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. இருந்தாலும் செய்யமாட்டேன்.

எமல்டா”

மிருதுளா படித்தாள். நான்காவதில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தாவதற்குப் பிறகு நிமிரவில்லை.

“மேடம், இதுல நம்பர் போட்டிருக்கீங்க.”

“ஆமா. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதில்ல.”

“இதை அனுப்பி அவரு இன்னும் கோவப்பட்டா?”

“இறக்கின போர்டை இன்னொரு தடவை இறக்க முடியாது மிருதுளா.”

அவளே பொத்தானை அழுத்தினாள். காலை பத்தரை.

அக்டோபர் 15, செவ்வாய்

பதில் இல்லை. பக்கம் 13 முதல் 20.

அக்டோபர் 16, புதன்

பதில் இல்லை. யூசர் புக் முடிந்துவிட்டது. என் மேஜை டிராயரில் இருந்தவற்றைப் பைக்குள் வைத்தேன்: கண்ணாடிக் கூடு, ஜெபமாலை, சிவப்புப் பேனா இரண்டு, லவங்கம். பார்த்த ஜாகிர் போய்த் தேநீர் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

பதினொன்றே காலுக்கு வந்தது. ஜாகிர்தான் முதலில் பார்த்துவிட்டு, “மேடம், வாங்க, வாங்க, தாராபுரம்” என்று கத்தினார். நாச்சிமுத்துவின் விலாசம்தான், ஆனால் பேசியது அவர் அல்ல.

“எமல்டாம்மா நான் தெய்வாத்தா பேசறேனுங்க அவரு சம்சாரம் உங்க கடுதாசிய அவரு ரெண்டு வாட்டி படிச்சுட்டு போன என்ற கையில குடுத்துப்போட்டு அந்தப் பக்கம் போயிட்டாருங்க கண்ணு செவந்து கெடக்குது கேட்டா வெங்காயம் உரிச்சேங்கறாரு கிரைண்டர் கடையில ஏதுங்க வெங்காயம் அவரு ரோசக்காரருங்க ஆனா மனசுல ஒண்ணுமில்லீங்க ஏம்மா மூணு வருசமா தனியாவா இருக்கறீங்க பாக்கெட்டு மாவு வேண்டாமுங்க அரைப்படி போடுங்க மொத நாளு இட்லி அடுத்த நாளு தோசை மூணாநாளு வெங்காயம் வெட்டிப் போட்டுப் பணியாரம் புளிச்சாத்தான் அது நல்லாருக்கும் அப்பறம் போர்டப் பத்தி யாராச்சும் கேட்டா பெயிண்ட் அடிக்கத்தான் எறக்குனோம்னு சொல்லச் சொல்றாருங்க நீங்களும் அப்பிடியே சொல்லிப்போடுங்க நிசமாவே இப்ப அடிச்சுட்டுத்தான் இருக்கறாங்க தீவாளிக்கு நாப்பது பீஸ் வேணுமாமுங்க”

மூவரும் ஒரே திரையைச் சுற்றி நின்று படித்தோம். மிருதுளா அப்பாவுக்குப் போன் போட வெளியே போனாள். ஜாகிர் என் பையைத் திறந்து கண்ணாடிக் கூடு, ஜெபமாலை, பேனா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து டிராயரில் வைத்தார். லவங்கத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

மிருதுளாவின் அப்பா நேரில் வந்தார். தாராபுரத்தில் என்னதான் நடந்தது என்று என்னை எழுதித் தரச் சொன்னார். ஆவணத்துக்கு வேண்டுமாம்.

“தாராபுரம் கடையின் பெயர்ப் பலகை, பண்டிகையை முன்னிட்டு வர்ணம் பூசுவதற்காக மட்டுமே இறக்கப்பட்டிருந்தது” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடமும் இந்த இரண்டரை மாதமும் சேர்த்து, ஆபீஸ் காகிதத்தில் நான் எழுதிய முதல் பொய். அவர் படித்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கீங்க” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அரைப்படி ஊறவைத்து அரைத்தேன். கிரைண்டர் சத்தம் நன்றாக இருக்கிறது. மாடி வீட்டுப் பெண் படியில் நின்று, “ஆன்ட்டி, கிரைண்டர் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள். ஒரு கிண்ணம் மாவு கொடுத்தேன். அவள் பெயர் ரேவதி.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. பரீட்சைக் காலம் இன்றோடு முடிகிறது. மிருதுளா மோர் வரவழைத்தாள்.

“டீலர் மெயில் எல்லாம் இனி நீங்கதான் மேடம். கஸ்டமர் மெயிலும். கம்ப்யூட்டர்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துச் சம்மதித்தேன். “அந்த நம்பர் மட்டும் போடாம இருக்கலாமே?” என்றாள். அது முடியாது என்றேன்.

பிறகு தெய்வாத்தாளுக்கு எழுத உட்கார்ந்தேன். நாற்பது கிரைண்டரும் பத்திரமாக வந்து சேர்ந்ததா என்பது விஷயம். அதை எழுதினேன். பணியாரம் நன்றாக வந்தது, முதல் ஈடு மட்டும் ஒட்டிக்கொண்டது என்று எழுதினேன். நவம்பரில் சவரிராயனின் நினைவுப் பூசை வருகிறது, அதற்கு மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றும் எழுதினேன். அதை அழிக்கலாமா என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஜாகிர் பின்னால் வந்து நின்றார். “முடிச்சுட்டீங்ளா மேடம்? பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்கும், கெளம்புங்க.”

கடைசி வரியில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்:

“முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? படி ஏற முடிகிறதா?”

கேள்விக்குக் கீழே எதுவும் போடாமல் அப்படியே அனுப்பினேன்.